நம்ம வீட்டுது

பிப்ரவரி 3
தலைமையகம், வரலாற்றுப் பிரிவு

தம்பிக்கு,

அலுவலக உறையைப் பார்த்ததும் மாற்றல் உத்தரவு என்று நினைத்திருப்பாய். ஒன்றுமில்லை, நான்தான்.

உன் கப்பலை ஏப்ரலில் ஆழக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய் மூழ்கடிக்கப் போகிறார்கள் என்பது என்னைவிட உனக்கு முன்பே தெரிந்திருக்கும். அது முடிந்ததும் அதில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டுமாம், கப்பலின் பணி வரலாறு. எங்கள் பிரிவு அதிகாரி அந்த வேலையை என் மேசையில் வைத்துவிட்டு, "அந்தக் கப்பல்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "ஒருத்தர் இருந்தார். இப்ப தெரிஞ்சவரான்னு தெரியல" என்றேன். மனிதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தேதிகள் என்னிடம் இருக்கின்றன. சரக்குக் கப்பலாகக் கட்டத் தொடங்கி, பாதியில் கடற்படை எடுத்துக்கொண்டு, மற்றக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கப்பலாக மாற்றியது தெரியும். போர் வருடங்களில் எந்தெந்தக் கடலில் நின்றது என்பதும் தெரியும். உள்ளே மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. 'இக்காலத்தில் பழுதுபார்ப்புப் பணியில் ஈடுபட்டது' என்று பக்கம் பக்கமாகத் தட்டச்சு அடித்து எனக்கே கொட்டாவி வருகிறது. இருப்பவர்களில் அதிக காலம் அங்கே கிடந்தவன் நீதான். எழுது. சுருக்கமாக எழுத உனக்கு வராது, நானே வெட்டிக்கொள்கிறேன்.

அம்மா போனதிலிருந்து நீ ஒரு வரி போடவில்லை. நானும் போடவில்லை. அதைப் பற்றி இதில் பேசப் போவதில்லை. கப்பல் போன பிறகு நீ எங்கே இருப்பாய் என்று மட்டும் கேட்கிறேன். பின்னறையில் பழைய நாற்காலிகளை அடைத்து வைத்திருக்கிறேன், எடுத்துப் போட அரை நாள் ஆகும். கேட்டேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 14
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமைப் படகில் வந்தது. சமையல்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்பள கையெழுத்தா இருக்கே" என்று கண்ணடித்தார். அக்கா என்றதும் முகம் விழுந்துவிட்டது.

இப்போது கப்பலில் இருப்பது நான், சமையல்காரர், காவலுக்கு ஒரு இளம் லெப்டினன்ட். அவர் சாயங்காலமே கரைக்குப் போய்விடுவார். புதிதாகக் கல்யாணமானவர், குற்றம் சொல்ல முடியாது. துறைமுகத்தின் கடைசி மூலையில், துருப்பிடித்த மிதவைகளுக்கு நடுவே எங்களைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினை அணைத்தாயிற்று. இத்தனை வருடத்தில் இவள் சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை. லேத்தில் ஒரு இரும்பைக் கடைந்துவிட்டு நிறுத்தினால், கப்பல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

முதலில் பெயர். படையில் யாரும் இவள் அரசாங்கப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தையக்காரி என்பார்கள். மற்றக் கப்பல்கள் சண்டைக்குப் போய்க் கிழித்துக்கொண்டு வரும், இவள் ஒட்டுப்போட்டு அனுப்புவாள். யாரையும் ஒருமுறைகூடச் சுட்டதில்லை என்று கட்டாயம் எழுது. நான் சேர்ந்த வருடம் ஒரு போர்க்கப்பல் முன்பக்கமே இல்லாமல், பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டு எங்களிடம் வந்தது. தகடுகளை வெட்டி ஒரு பொய்முகம் செய்து ஒட்டினோம். அந்த முகத்தோடு அது பெருங்கடலைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தது. சண்டை முடிந்த பிறகு வெள்ளத்தில் ஒரு ஊர் மூழ்கியபோது கரையோரம் நின்றோம். எங்கள் மின்சாரத்தில் அந்த ஊர் ஆஸ்பத்திரி ஓடியது. கடல்நீரைக் காய்ச்சிக் குழாயில் விட்டோம். குடத்தோடு வந்த ஒரு அம்மா வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "உப்பே கரிக்கலியே, என்னத்தையோ கலந்துட்டாங்க" என்று சண்டைக்கு வந்தாள்.

அடுத்தது உனக்கே தெரியும். பட்டறை வாசலில் மேஸ்திரி நிற்பார். எந்தக் கப்பலிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் "யார் வீட்டுது?" என்று கேட்பார். கொண்டுவந்தவன் கப்பலின் பெயரைச் சொல்லி, "அவங்க வீட்டுது" என்று சொன்னால்தான் அது படி தாண்டும். ஒரே மாதிரி பம்புகள் குவிந்து கிடக்கிற இடத்தில் மாறிப் போகாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு. லீவில் வந்தபோது இதை நான் நம் வீட்டிலும் தொற்றவைத்தேன். சீப்பு, குடை, பக்கத்து வீட்டுப் பூனை, எதைக் கண்டாலும் நீ "யார் வீட்டுது?" என்பாய். அம்மா அடுப்படியிலிருந்து "நம்ம வீட்டுது" என்று குரல் கொடுப்பாள்.

மூன்று முறை, வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு காவல் படகின் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தோம். பம்பு தயாராகும் முன்பே படகுக்கு உத்தரவு வந்துவிட்டது. அது இல்லாமலே போனார்கள், வரவில்லை. பிறகு ஒரு சரக்குக் கப்பலின் அடுப்புக் கதவு. பிறகு ஒரு இழுவைப் படகின் ஊதல். மூன்றும் பட்டறை மூலையில் கிடந்தன, யாரும் தொடவில்லை. கடைசியில் ஒருநாள் மேஸ்திரியே அவற்றின் முன்னால் போய் நின்று "யார் வீட்டுது?" என்று கேட்டு, தானே "நம்ம வீட்டுது" என்று பதிலும் சொல்லி, எங்கள் கப்பலிலேயே பொருத்தச் சொன்னார். பொருத்தியவன் நான். "எங்க வீட்டுது" என்று அவர் சொல்லியிருக்கலாம். "நம்ம" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களையும் சேர்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

நீயும் ஒருநாள் வாசலில் நின்று சொன்னாய். நான் வந்து சேர்ந்தபோது அம்மாவை எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, "இது யாரு?" என்றார். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வீட்டுது இல்ல. கப்பல் வீட்டுது" என்றாய். சரி என்று நானும் கப்பலுக்கே திரும்பிவிட்டேன். கடைசிப் பயணத்துக்கு ஆள் கேட்கிறார்கள். பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

பொய்முகமும் குடத்தோடு வந்த அம்மாவும் புத்தகத்தில் போகிறார்கள். மேஸ்திரி போகவில்லை. அதிகாரி பென்சிலால் ஒரு கோடு இழுத்து, "இது குடும்பக் கதை மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் தையக்காரி என்ற பெயரை அடம்பிடித்து நிறுத்திவிட்டேன்.

வாசல் விஷயம். சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் அம்மா படுக்கையில் கிடந்து, கதவு அசையும்போதெல்லாம் "அவனா?" என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "இல்லம்மா, காத்து" என்று சொன்னவள் நான். நீ அப்போது எவனுடைய எஞ்சினையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அன்று என் வாயில் வேறு என்ன வரும்? ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள உன்னால் மட்டும்தான் முடியும்.

இன்னொன்று. எங்கள் மாடியில் சப்ளை பிரிவு இருக்கிறது. அங்கே உங்கள் கப்பலைப் பற்றி ஒரே புலம்பல். மூன்று பேர் இருக்கிற கப்பலுக்குத் தண்ணீர்ப் படகு போய்ப் போய் நிரப்பிவிட்டு வருகிறதாம். "உங்க தையக்காரி தண்ணியைக் குடிக்கிறாளா, குளிக்கிறாளா?" என்று என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்கிறார்கள். எங்காவது ஒழுகுகிறதா என்று பார்.

கடைசிப் பயணத்துக்கு நீ பெயர் கொடுக்க வேண்டாம். இழுத்துக்கொண்டு போக எத்தனையோ இளைஞர்கள் இருக்கிறார்கள்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

ஒழுகல் இல்லை. ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்துவிட்டேன்.

மத்தியானத்தில் குளியலறைக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. ஒன்று மூடும், அடுத்தது திறக்கும். வரிசையில் நின்று குளிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். போய்ப் பார்த்தால் தரை நனைந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். சமையல்காரர் தினமும் மேசையில் அதிகமாகத் தட்டு வைக்கிறார். "ஏன்?" என்று கேட்டேன். "கை தானா வைக்குது, நான் என்ன பண்ண" என்றார். எடுக்கும்போது எல்லாத் தட்டிலும் ஈரம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அந்தக் காவல் படகுப் பம்பு அடித்தளத்தில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் இல்லை. குழாயையும் போன மாதம் நானே வெட்டி மூடினேன். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினால் அது ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்தேன், சூடு. பழக்கதோஷம், என் வாய் தானாக "யார் வீட்டுது?" என்று கேட்டுவிட்டது. பம்பு நின்றது. எனக்குப் பின்னால், திரும்பினால் இடித்துக்கொள்ளும் தூரத்தில் ஒருவர், "நம்ம வீட்டுது" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பதில் சொல்கிற குரல்.

நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதே, ஏணி அந்தப் பக்கம்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது தரையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், கடல்நீர். அப்போதுதான் குளியலறை விஷயம் புரிந்தது. மூழ்கினவர்கள் உப்பை எத்தனை வருடம் உடம்பில் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

லெப்டினன்டிடம் சொன்னேன். "நீங்க ஒருநாள் கரைக்கு வந்து டாக்டரைப் பாருங்கண்ணே" என்றார். நல்ல பையன். ஆனால் அன்றிலிருந்து அவர் பகலிலும் கீழ்த்தளத்துக்கு இறங்குவதில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய கப்பல்கள் போய்விட்டன. எங்கள் மேஸ்திரி ஒரு வார்த்தையைச் சொல்லி இதை அவர்களுக்கு வீடாக்கிவிட்டார். இப்போது இதையும் கடலில் இறக்கப் போகிறோம். ஒரே ஆள் இன்னொரு தடவை மூழ்குவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். மத்தியானம் முழுதும் ஒரே பக்கத்தைத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. ஆள் அரவமில்லாத இரும்புக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் யாருக்கும் காதில் ஏதாவது விழும். ஆனால் பயமாக இருக்கிறது. பேய்க்குப் பயப்படவில்லை, உன்னை நினைத்துப் பயப்படுகிறேன். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கென்று மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான். நீ வேண்டும்.

நாற்காலிகளை எடுத்து வெளியே போட்டுவிட்டேன். பின்னறையைக் கழுவிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். மெத்தைக்குச் சொல்லியிருக்கிறேன். கப்பலை விட்டு இறங்கி நேராக இங்கே வா. தெருவெல்லாம் மாறிவிட்டது, நீ திணறுவாய். பஸ் நிலையத்தில் இறங்கி வலது பக்கம் நட. பெரிய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் தையல் மிஷின் ரிப்பேர் கடை வரும், அதை ஒட்டிய சந்தில் திரும்பு. நம் கதவுக்கு இப்போது பச்சைப் பெயின்ட்.

வந்து தட்டு. நான் உள்ளிருந்து "யார் வீட்டுது?" என்று கேட்பேன். நீ "நம்ம வீட்டுது" என்று சொல். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம், நீயும் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கதவு திறக்கும்.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேத் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். வருகிறேன்.

நான் மட்டும் அழவில்லை. உன் கடிதங்களை முதலிலிருந்தே பட்டறையில் உட்கார்ந்து சத்தமாகத்தான் படிக்கிறேன். தனியாக இருக்கிறவனுக்கு வருகிற பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அந்தக் 'குளிக்கிறாளா' வந்தபோது, காலியாக இருந்த பெஞ்சில் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். அதற்குப் பிறகு புதன்கிழமைப் படகு வந்தாலே பெஞ்சுகள் கிறீச்சிடும், கடிதம் இல்லையென்றால் பழையதையே படிப்பேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம்?" என்பார்கள். அவர்களுக்குக் கடிதம் வந்து எத்தனை காலம் ஆயிற்று? மூழ்கின கப்பலுக்கு வருவதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா?

இந்தத் தடவை வழி சொல்லியிருந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். படித்தேன். தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். கதவு திறக்கும் என்று நீ எழுதியதைப் படித்து முடித்ததும் அந்த வரியையும் இன்னொரு தடவை கேட்டார்கள்.

அதிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகுகிறார்கள். முதலில் ஆளுக்கொரு குரலாக இருந்தது. நேற்று நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சமையல்காரர் எனக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டறைப் பக்கமிருந்து என் குரல் "நம்ம வீட்டுது" என்றது. "இதோ வரேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், எதிரே என்னைப் பார்த்தார். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். சாயங்காலம் லெப்டினன்ட் போன படகிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார், என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஏப்ரல் 4 காலையில் புறப்படுகிறோம். இழுக்கிற கயிற்றைப் பார்த்துக்கொள்ளக் கப்பலில் என்னோடு இரண்டு பேர் ஏறுகிறார்கள். குறித்த இடம் வந்ததும் நாங்கள் இழுவைப் படகுக்கு மாறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெயரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று லெப்டினன்ட் சொன்னார். மனசு வரவில்லை. வீட்டைக் காலி செய்யும்போது ஒருவர் கடைசியாக நின்று பூட்டிவிட்டு வர வேண்டாமா? திரும்பியதும் துறைமுக விடுதியில் ஒரு குளியல், அடுத்த பஸ்ஸில் உன் வாசல்.

தம்பி


மார்ச் 29
விரைவுத் தபால்

தம்பிக்கு,

இதை வாய்க்குள் படி. தயவுசெய்து.

அந்தக் கப்பலில் யார் இருக்கிறார்கள், இல்லை என்று உன்னோடு வாதாட எனக்கு இப்போது தெம்பு இல்லை. சமையல்காரர் இங்கே அலுவலகத்துக்கு வந்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "உங்க தம்பியை இறக்கிடுங்கம்மா. அவர் பேசறாரா, அவங்க பேசறாங்களான்னு எனக்கே தெரியாமப் போச்சு" என்றார்.

உனக்குத்தான் கதவைத் திறக்கிறேன் என்றேன். ஊருக்கெல்லாம் சொல்லவில்லை. வாசலில் கேட்கும் கேள்வியை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். புதிய கேள்வியை இதில் எழுதினால் அதையும் உட்கார்ந்து படித்துக் காட்டுவாய். அதனால் எழுதவில்லை.

பெயரை வாபஸ் வாங்கு. பூட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு வா. உன் அம்மா பிள்ளையாக ஒரே ஒரு தடவை நான் சொன்னதைக் கேள்.

அக்கா


ஏப்ரல் 10

தம்பிக்கு,

இதைத் துறைமுக விடுதிக்கு அனுப்புகிறேன். நீ அங்கே காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாய், அதனால்தான் வரவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விடுதியில் போனை எடுக்கிற ஆளுக்கு யார் தங்கியிருக்கிறார்கள், யார் போனார்கள் ஒன்றும் தெரியவில்லை. "ரூமெல்லாம் ஆளுங்கதான், தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு" என்கிறார்.

என்ன நடந்தது என்று எனக்கு அலுவலகத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் நீ திருத்து. குறித்த இடத்துக்கு வெகு தூரம் முன்பே கடல் கொந்தளித்திருக்கிறது. தையக்காரி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதும் இழுவைப் படகை ஒட்டிக் கொண்டுபோய் உங்களை ஏறச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படகின் தலைவரை நேற்று எங்கள் அதிகாரி விசாரித்தார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். "மூணு பேர்னு சொன்னாங்க சார். ஆனா ஏணில ஏறிக்கிட்டே இருந்தாங்க. மழை அடிக்குது, மூஞ்சி தெரியல. ஏற ஆள் நின்னதும், எல்லாரும் வந்தாச்சுன்னு கயிறை வெட்டிட்டேன்" என்றார். கப்பல் அப்புறம் நிமிரவே இல்லை.

உன்னோடு இருந்த இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு உன்னைப் பற்றிக் கேட்டேன். "எனக்குப் பின்னாலதான் ஏறினார்" என்றார். "பார்த்தீங்களா?" என்றேன். "பார்க்கல. குரல் கேட்டுச்சு" என்றார். கரையில் இறங்கும்போது யாரும் யாரையும் சரிபார்க்கவில்லை.

அடுத்ததையும் இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தைரியம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் இருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "யார் வீட்டுது?" என்று கேட்டேன். "நம்ம வீட்டுது." உன் குரல். ஈரக் கையோடு ஓடித் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. சந்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசற்படியிலிருந்து பின்னறை வரைக்கும் தரையில் ஈரக் கால்.

கதவைச் சாத்திவிட்டு நாலடி வைப்பதற்குள் மறுபடி தட்டல். அதே குரல், அதே வார்த்தை. திறந்தேன். மறுபடி. திறந்தேன். எதிர்வீட்டுப் பெண் மாடியிலிருந்து, "என்னக்கா, கதவுல பழுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மத்தியானம் வரை இப்படியே போயிற்று. எந்தத் தட்டல் நீ என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் திறந்தேன். திறக்காமல் விட்டது நீயாக இருந்தால், நான் இன்னொரு தடவை உன்னை வாசலோடு அனுப்பியதாக ஆகும்.

அவர்கள் தொந்தரவு செய்வதில்லை. குழாய் ஓடுகிறது, துண்டுகள் நனைந்திருக்கின்றன. பின்னறையில் மெல்லிய பேச்சு கேட்கும், நான் போனால் நின்றுவிடும். நேற்று வரலாற்றின் அச்சுப்பிழை திருத்த அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றது. படித்தேன், வேறு என்ன செய்ய? அப்படியே உட்கார்ந்து, பொய்முகம் ஒட்டின கதையைக் கடைசி வரை படித்தேன்.

அவர்களிடம் எனக்கு இப்போது பயம் இல்லை. பயம் ஒன்றே ஒன்றுதான். இன்று அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் பின்னறை வாசலில் நின்று, "தம்பி" என்று கூப்பிட்டேன்.

"என்னக்கா?" என்றார்கள், எல்லாரும்.

அதில் நீ இருந்தாயா? நான் உன்னோடு வளர்ந்தவள், இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குரலாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எல்லாமே நீதான்.

அதிகாரி புத்தகத்துக்குக் கடைசி வரி சொல்லிவிட்டார். 'இப்பயணத்தில் உயிர்ச்சேதம் ஏதுமில்லை' என்று முடிக்க வேண்டுமாம். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தாயிற்று. நான் அடிக்கவில்லை. விரலில் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர்களுக்கு உன் குரல் வருகிறது. உன் கோணல் கையெழுத்து வராது. ஒரு கார்டு போடு. ஒரு வரி போதும், என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை. அது வந்து சேர்ந்தால் அந்த வரியை அடித்துக் கொடுத்துவிட்டு, நானே பஸ் ஏறி வந்து உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அது வரும்வரை யார் தட்டினாலும் எழுந்து போய்த் திறப்பேன்.

அக்கா